மூக்கில்லாத நூற்றெண்பது பேர்

“கருஞ்சிவப்புங்க!”

“இளஞ்சிவப்பு.”

“நல்லா பாருங்க தம்பி, கருஞ்—”

“நல்லா பாத்துதாம்மா எழுதியிருக்கு. இளஞ்சிவப்பு. அதுவும் சாதாரண இளஞ்—”

“எது எழுதியிருந்தா எனக்கென்ன? பாவாடையையே தூக்கிட்டு வந்திருக்கேன். இந்தாங்க, தொட்டு—”

“மேசை மேல வைக்காதீங்க! எடுங்க, எடுங்க. பாவாடையைப் பாக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது.”

சான் ஹெர்வாசியோ நகரத்து மரபுக் காப்பு உயர்மன்றத்தின் இரண்டாம் சன்னலில் உட்கார்ந்திருந்த லிம்பெர்ட், சொன்னதோடு நிற்காமல் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அடுத்த வீட்டில் யாரோ உடை மாற்றும்போது சன்னல் திறந்துகிடந்தால் கண்ணியமானவர்கள் திரும்பிக்கொள்வார்களே, அப்படி. செனோபியா அந்த ஏழு கிலோ பாவாடையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். ஆழ்ந்த கருஞ்சிவப்பு, மடிப்புக்கு மடிப்பு பொன்னிழை. வரிசையில் நின்ற பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்க்காதவன் லிம்பெர்ட் ஒருவன்தான்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் சுரங்க மாதா கோயிலுக்கு ஆடிக்கொண்டே போகிற ஊர்வலத்தில் இடம் வேண்டுமானால், ஒவ்வொரு ஆட்டக்குழுவும் முழு உடையில் ஆடி, மூன்று நிமிட வீடியோ எடுத்து, மன்றத்தில் கொடுக்க வேண்டும். மன்றம் அதைத் தன் நிறப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பதிவேட்டில் அடுமனைப் பெண்கள் மொரெனாடா ஆட்டக்குழுவுக்கு நேராகக் கருஞ்சிவப்பு என்று எழுதியிருந்தது. கொடுத்த வீடியோவிலோ நூற்றெண்பது பெண்களும் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் நிறத்தில் ஆடினார்கள். அது போதாதென்று ஒருத்திக்கும் மூக்கில்லை. தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில், சுண்ணாம்புச் சுவரில் ஆணி பிடுங்கிய துளைகள் போல இரண்டு கண்கள். அவ்வளவுதான்.

வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுத்தவள் செனோபியாதான். சந்தைத் தெருவில், பொரித்த கோழிக்கடைக்கு மேல் மாடியில், கல்யாணமும் திருவிழாவும் படமெடுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறவள். அன்று அவளும் வரிசையில் ஆடவேண்டியிருந்ததால், புதுக் கைபேசியை மேளக்காரரின் மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டாள். பிறகு அவசரத்தில் வெட்டினாள், அவசரத்தில் எக்ஸ்போர்ட் செய்தாள், வெளியே வந்த கோப்பை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்காமலே கொண்டுபோய்க் கொடுத்தாள். இருபது வருஷத் தொழிலில் இப்படிப் பார்க்காமல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதுதான் மன்றத்துக்குப் போனது.

“தப்பு என்னோடதுதான் தம்பி. ஒளி கூடிப்போச்சு. ஒரு மணி நேரத்தில திருத்திக் கொண்டாந்துடறேன்.”

“திருத்தியா?” லிம்பெர்ட் குரலைத் தணித்தான். “சத்தமாச் சொல்லாதீங்கம்மா. வாங்கி முத்திரை குத்தின பதிவைத் திருத்தினா அதுக்குப் பேரு போலி ஆவணம். ரெண்டு வருஷம் உள்ள.”

“அப்ப இந்தப் பாவாடையைப் பாருங்க.”

“விதி பதினேழு படிச்சிருக்கீங்களா? ‘கண் என்பது அபிப்பிராயம். வீடியோ என்பது ஆவணம்.’ இப்ப நான் போட்டிருக்கிற இந்தக் கம்பளிச் சட்டையையே எடுத்துக்கங்க. என் பெண்டாட்டி பச்சைங்கிறா. நான் நீலங்கிறேன். இப்படி ஆளுக்கொண்ணு சொன்னா நாடு தாங்குமா?”

“சட்டை பச்சைதாங்க.”

“அது உங்க அபிப்பிராயம்” என்று சொல்லி, லிம்பெர்ட் சன்னலுக்குக் கீழிருந்து ஒரு படிவத்தை நீட்டினான். “பதிவைத் திருத்த முடியாது. ஆனா, பதிவு திருத்தப்படலாமான்னு கேக்கிறதுக்கு விண்ணப்பம் இருக்கு. மூணு பிரதி. வீடியோ நிறத்தைச் சோதிக்கிற ஒளிச்சைகை இன்ஜினியர் கருத்து எழுதணும். அடுத்தவங்க வாங்க!”

வெளியே படிக்கட்டில் பிரிமித்திவா காத்திருந்தாள். குழுவின் தலைவி, மூன்று அடுமனைகளுக்குச் சொந்தக்காரி, செனோபியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டையிலும்.

“என்னடி சொல்றான்?”

“நாம ரோஸ் கலராம், கொமாத்ரே.”

“நானா? நாப்பது வருஷமா அடுப்பு முன்னாடி நின்னு வெந்தவ நான். என் புருஷன் கூட இதுவரைக்கும் என்னை ரோஸுன்னு சொன்னதில்ல.”

“நம்மள யாரும் பாக்கமாட்டேங்கிறாங்க. வீடியோவைத்தான் பாக்கிறாங்க.”

“அந்த வீடியோவ எடுத்த கையை அடுப்பில வெச்சா என்ன?” என்று கேட்ட பிரிமித்திவா, செனோபியாவின் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். “இது உனக்கு மூணாவது வருஷம் இல்ல?”

“ஆமா.”

அதற்குமேல் அந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் மூன்று வருஷம், விட்டுப்போகாமல், தொடர்ந்து ஆடவேண்டும். நடுவில் ஒரு வருஷம் தவறினால் ஆடிய வருஷங்களும் ஆடாத மாதிரிதான். மாதா கோபக்காரி இல்லை; மறதிக்காரியும் இல்லை. செனோபியாவின் மகள் ரொக்சானா நாலு வயதாகியும் நிற்கவில்லை. நேர்ந்துகொண்டு ஆடிய முதல் வருஷம் சுவரைப் பிடித்து நின்றாள். இரண்டாம் வருஷம் சுவரை விட்டாள். இப்போது கோழிக்கடைப் படிக்கட்டில் தடதடவென்று ஓடி இறங்குகிறாள், ஏறுகிறாள், கோழிக்கடைக்காரர் கத்துகிறார். செனோபியா கொஞ்ச நாளாக வேலைக்கு நடுவே கையை நிறுத்திவிட்டு அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்கிறாள். கேட்டால்தான் அடுத்த வேலை ஓடுகிறது.

கடைக்குப் போய்க் கணினியைத் திறந்தார்கள்.

“என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்றாள் பிரிமித்திவா.

“நாலு லிட்டர் பாலை ரெண்டு லிட்டர் பானையில ஊத்திக் கொதிக்க வெச்சிருக்கேன், கொமாத்ரே. இந்தப் புதுக் கைபேசி பழைய கேமரா மாதிரி இல்ல, ரெண்டு பங்கு வெளிச்சத்தை உள்ள வாங்கி வெச்சுக்குது. நான் அது தெரியாம சாதாரணப் படம்னு நெனச்சு வெளிய எழுதிட்டேன். பொங்கி வழிஞ்சிருச்சு. வழிஞ்ச இடமெல்லாம் வெள்ளை.”

“அப்ப பாலு போச்சா?”

“போகல. கைபேசியில எடுத்தது முழுசா அப்படியே இருக்கு. வெளிய எழுதும்போதுதான் வழிஞ்சது.”

செனோபியா அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து, அதன் நிற அமைப்பைத் திறந்து, இது அதிக ஒளியில் எடுத்தது என்று கணினிக்குச் சொன்னாள். சாதாரணத் திரைக்குத் தக்கபடி இறக்கு என்று இன்னொரு கட்டத்தில் குறி போட்டாள். ஓரத்தில் ஒளியளவு காட்டும் கட்டத்தில் கூரைக்கு மேல் முட்டிக்கொண்டிருந்த கோடுகள் மெல்ல இறங்கி எல்லைக்குள் வந்தன. மறுபடி எக்ஸ்போர்ட். மொத்தம் நாலு நிமிஷம். கோப்பு வெளியே வந்ததும் இந்தத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

“ஐயோ, என் மூக்கு!” என்றாள் பிரிமித்திவா.

மூக்குகள் வந்துவிட்டன. வரிசை வரிசையாக வந்தன. அடுப்பு அனலில் காய்ந்த கன்னங்கள் வந்தன, பாவாடை கருஞ்சிவப்பாக வந்தது, மூன்றாம் வரிசையில் கோதுமை மூட்டைக்காரியின் தங்கப்பல் வந்தது, பின்னால் இருந்த மலைகூட வந்தது. “இதப் பாத்தா எந்த மடையனுக்கும் புரியும்” என்று பிரிமித்திவா தீர்மானமாகச் சொன்னாள். மன்றத்தைப் பற்றி அவள் அவ்வளவு நல்லெண்ணம் வைத்திருந்தாள்.

ஒளிச்சைகை இன்ஜினியர் கிரோவரின் அறையில், நடு மேசையில், கோயிலில் திரையிட்ட சொரூபம் போல ஒரு பொருள் கருநீல வெல்வெட் துணியால் மூடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வீடியோத் திரை. இன்ஜினியர் கைகளைத் துடைத்துக்கொண்டு துணியை எடுத்தார். திரையின் மூலையில், கடையில் ஒட்டிய வண்ணச் சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. திரையைப் போட்டதும், கடைக்காரன் தெருவில் போகிறவர்களை இழுக்க வைத்திருந்த பளபளப்பு அமைப்பிலேயே அது விழித்துக்கொண்டது. சுவரோரம் நாட்டுக்கொடியைப் படமெடுத்துக்கொண்டிருந்த கேமராவின் வழியே, திரையில் கொடியின் மஞ்சள் முட்டைக்கரு போலத் துடித்தது.

“ஐயா, இது கடையில காட்சிக்கு வைக்கிற அமைப்பில இருக்கு. பின்னால ஒரு பொத்தான் இருக்கும்—”

“தொடக்கூடாது! இது எப்படி வந்துதோ அப்படியே இருக்கு. எட்டு வருஷமா ஒரு விரல் பட்டதில்ல. இந்த மன்றத்தில நிறம்னா என்னன்னு கேட்டா, இதுல எப்படித் தெரியுதோ அதுதான் நிறம். போன வருஷம் மந்திரி வந்தாரு. இதுல பாத்தா ஆரஞ்சு. நாங்க ஆரஞ்சுன்னுதான் வரவேற்பிதழ்ல எழுதினோம்.”

“அவர் ஒண்ணும் சொல்லலீங்களா?”

“நேர்ல கொஞ்சம் வேற மாதிரிதான் இருந்தாரு” என்று இன்ஜினியர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். “சரி, உங்க வாதத்துக்கு வாங்க. முதல் வீடியோவுல என்ன கூடிப்போச்சு?”

“ஒளிங்க.”

“யாரு கொடுத்த ஒளி?”

செனோபியா யோசித்தாள். “சூரியன்தாங்க.”

“அப்ப அன்னிக்குச் சூரியன் அதிகமா இருந்துதுன்னு சான்றிதழ் கொண்டாங்க. வானிலை அலுவலகத்தில தருவாங்க.”

“ஐயா, தப்பு சூரியன்கிட்ட இல்ல, நான் வெளிய எழுதினதில—”

“அம்மா. நீங்க படமெடுக்கிறவங்க. நான் இன்ஜினியர்.”

வானிலை அலுவலகம் ஊருக்கு வெளியே, வாரத்துக்கு இரண்டு தடவை விமானம் இறங்குகிற மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. சிற்றுந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்த அதிகாரி காபியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

“எந்தச் சூரியன் வேணும்? விவசாயத்துக்கா, விமானத்துக்கா?”

“ஆட்டத்துக்குங்க.”

“ஆட்டத்துக்குத் தனியாக் கிடையாது. பொதுவானதுதான் தருவேன்.” அவர் பேரேட்டைப் புரட்டி, அந்தத் தேதியில் விரலை வைத்து, உதடு அசையப் படித்து, எழுதி, முத்திரை குத்தினார். மூன்று நாள் கழித்து வரச்சொல்லாமல் அன்றே கொடுத்தது அந்த ஊர் வரலாற்றில் முதல் தடவை. செனோபியா சிற்றுந்தில் ஏறியதும் பிரித்துப் பார்த்தாள். ‘மேற்படி தேதியில் சூரியன் வழக்கம்போல் இருந்தது’ என்று இருந்தது.

இன்ஜினியர் கிரோவர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, முடிஞ்சுபோச்சு. சூரியன் வழக்கம்போல இருந்திருக்கு. சூரியன்ல ஒண்ணும் கூடலன்னா ஒளியும் கூடல. ஒளி கூடலன்னா முதல் வீடியோவுல தப்பே இல்ல. தப்பு இல்லாததுக்குத் திருத்தம் எதுக்கு? விண்ணப்பம் தள்ளுபடி.”

“அப்ப இந்த ரெண்டாவது வீடியோ?”

இன்ஜினியர் அதை ஓடவிட்டார். அந்தப் பளபளப்புத் திரையில்கூட அது கருஞ்சிவப்பாகத்தான் இருந்தது. மூக்குகள் இருந்தன. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“இது தப்பு. பெரிய தப்பு. வழக்கமான சூரியன்ல நின்னு ஆடின பொம்பளைங்களை எடுத்துக்கிட்டுப் போயி, நீங்க கறுப்பாக்கியிருக்கீங்க.”

“நான் கறுப்பாக்கலீங்க. நாங்க இப்படித்தான் இருக்கோம்.”

“அத முடிவு பண்ண வேண்டியது நீங்களும் நானும் இல்ல” என்றார் இன்ஜினியர், கொஞ்சம் பயந்தவராகவே. “தலைவர்தான்.”

ஊர்வலத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது விசாரணை வைத்தார்கள். நீண்ட மேசை, ஐந்து உறுப்பினர்கள், நடுவில் தலைவர் டாக்டர் அரிஸ்தீதெஸ். அவர் நோய்க்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, வழக்கறிஞர். அந்த ஊரில் வழக்கறிஞர்களைத்தான் முதலில் டாக்டர் என்பார்கள், மருத்துவர்களை அதற்குப் பிறகுதான். அவர் தலைக்குப் பின்னால் அவருடைய எண்ணெய்ச்சாயப் படம் மாட்டியிருந்தது. ஓவியன் விவரம் தெரிந்தவன்; படத்தில் இருந்தவரைப் பால்வெள்ளையாக வரைந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பதைத் தெரிந்துகொள்ள மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறு அடையாளம் வைக்கவில்லை.

செனோபியாவும் பிரிமித்திவாவும் முழு உடையில் வந்திருந்தார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வந்தார்கள். உறுப்பினர்கள் ஐவரும் கூரையைப் பார்த்தபடி வணக்கம் சொன்னார்கள்.

“உக்காருங்க, உக்காருங்க” என்றார் தலைவர். “உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்ல. அத முதல்ல சொல்லிடறேன். இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எத்தனையோ குழு, எத்தனையோ வீடியோ. எல்லாத்திலயும் ஒரே தூசி, ஒரே மண்ணு, ஒரே மாதிரி முகங்க. வெளிநாட்டுல இருந்து விருந்தாளிங்க வந்து கேப்பாங்க, ‘இதுதான் உங்க மரபா’ன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். போன வாரம் உங்க வீடியோவப் பாத்தேன், அம்மா. கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“எங்களுக்கும் வந்துச்சு” என்றாள் பிரிமித்திவா.

“என்ன ஒரு வெளிச்சம்! என்ன ஒரு சுத்தம்! நம்ம ஜனங்களா இதுன்னு நானே கேட்டேன். அஞ்சு பேரும் எழுந்து நின்னு கைதட்டினோம். குறிப்பில இருக்கு. அதனால தீர்மானம் என்னன்னா—” அவர் செயலாளர் நீட்டிய தாளை வாங்கினார். “உங்க குழுவோட பதிவு நிறம் இன்னியிலேர்ந்து இளஞ்சிவப்புன்னு மாத்தியாச்சு. இந்த வீடியோ மாதிரிப் பதிவா தலைநகரத்துக்குப் போயாச்சு. நீங்க ஊர்வலத்தில தாராளமா ஆடலாம்.”

செனோபியாவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. ஆடலாம் என்றுதானே சொல்கிறார்?

“எங்க பாவாடை கருஞ்சிவப்பாச்சே, டாக்டர்.”

“அத மாத்திக்கங்க. பதிவில உள்ளபடி வரணும்.”

“அஞ்சு நாள்ல நூத்தெண்பது பாவாடையா?”

“மன்றம் உங்களுக்காக ஒரு பதிவேட்டையே மாத்தியிருக்கு. நீங்க பாவாடைய மாத்தக்கூடாதா?” என்று வருத்தமாகக் கேட்டார் தலைவர். “அப்புறம் முகம்.”

“முகத்துக்கு என்ன?”

“பதிவில உள்ளபடி.”

பிரிமித்திவா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எப்படிங்க அது?” என்றாள் செனோபியா.

“நீங்கதான் அடுமனைக்காரங்க ஆச்சே” என்றார் தலைவர், வழி சொல்லிக்கொடுக்கிற அன்போடு. “மாவு இருக்குமே.”

“டாக்டர், இந்த மொரெனாடா யாரப் பத்தின ஆட்டம்?”

“என்ன கேள்வி இது? சுரங்கத்துக்கு ஓட்டிட்டு வந்த கறுப்பு அடிமைங்களப் பத்தினது. நான் புத்தகமே எழுதியிருக்கேன்.”

“அவங்கள மாவு பூசிக்கிட்டா ஆடறது?”

“அடிமைங்கன்னாலும் பாக்கிற மாதிரி இருக்கணும் இல்லியா?” தலைவரின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உயர்ந்தது. “எங்களத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை நாங்க வெளுக்கல. ஒளி தானா வெளுத்துது. அது தெய்வச்செயல். நாங்க அத ஏத்துக்கிட்டோம், அவ்வளவுதான். நீங்க போய் அந்த நல்லது நடந்தத நாலு நிமிஷத்தில அழிச்சிட்டு வந்து நிக்கறீங்க. உங்க மேலயே உங்களுக்கு இவ்வளவு வெறுப்பு ஏன்னுதான் எனக்குப் புரியல.” தீர்மானத்தை அவர் மேசைமேல் தள்ளினார். “பதிவில உள்ளபடி வந்தா வீதிக்குக் குறுக்க கட்டற கயிறு விலகும். இல்லன்னா இந்த வருஷம் மட்டும் இல்ல, பத்து வருஷம் கிடையாது. விதி நாப்பத்திரெண்டு. கையெழுத்துப் போடுங்க.”

“பெற்றுக்கொண்டேன்னு மட்டும் போடறேன்” என்று சொல்லி, பிரிமித்திவா தன் பெயரைப் பெரிதாக, தாள் கிழிகிற மாதிரி எழுதினாள். பேனாவை மேசைமேல் வைக்கவில்லை, போட்டாள்.

இரண்டு பேரும் படிக்கட்டில் இறங்கினார்கள். கடைசிப் படியில் செனோபியா நின்றாள்.

“கொமாத்ரே, நூத்தெண்பது பேருக்கும் பத்து வருஷம்ங்கிறாங்க. என் புள்ளைக்காக நீங்க எல்லாரும்… ஒரு நாளைக்குத்தானே. பூசிக்கிட்டா என்ன? நான் வேணா எல்லார் வீட்டுக்கும் போயி காலப் பிடிக்கிறேன்.”

“பிடிப்பே. நாங்களும் உனக்காகப் பூசிக்குவோம். அப்புறம்?” பிரிமித்திவா தொப்பியைச் சரிசெய்தாள். “மாதா மேலேர்ந்து பாப்பா. செனோபியா எங்கடீன்னு தேடுவா. அங்க செனோபியா இருக்கமாட்டா. மூக்கில்லாத ஒருத்தி ஆடிக்கிட்டிருப்பா. அவ ஆடின கணக்கு உனக்கு வருமா?”

அன்று மாலை பிரிமித்திவா மூன்று அடுமனைகளுக்கும் ஆள் அனுப்பி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள்: மாவு ரொட்டிக்கு.

சனிக்கிழமை நண்பகலில் வரிசை சுரங்கத் தொழிலாளர் வீதியின் முனையில் வந்து நின்றது. அந்த மலையூரின் உயரத்தில் பிப்ரவரிச் சூரியனுக்கு ஈவிரக்கம் கிடையாது. மேகம் விலகினால் கருங்கல்லும் கண்ணைக் கூசவைக்கும். வீதியின் குறுக்கே கயிறு. கயிற்றின் நடுவில் கையகலக் கணினியோடு லிம்பெர்ட். ஒவ்வொரு குழுவாகப் பதிவோடு ஒப்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

முன்னால் போன பேயாட்டக் குழுவின் பேய்களுக்குக் கொம்பு பாதிதான் இருந்தது. படமெடுத்தவன் சட்டகத்தில் கொம்பின் நுனியை வெட்டிவிட்டானாம். பதிவில் உள்ளபடி அறுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கடுத்த லாமா மேய்ப்பர் குழுவோடு ஒரு நாய் வந்தது. வீடியோ எடுக்கும்போது தெருநாய் ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது. அதே நாயைத் தேடிப் பிடிக்க நான்கு நாளாயிற்று என்று மேய்ப்பர் தலைவன் சொன்னான். “கிடைச்சுதே, அது பெரிசு” என்றும் சொன்னான். நாய் இப்போது எங்கும் ஓடாமல் உட்கார்ந்துவிட்டது. அதை ஓடவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

அடுத்தது அடுமனைப் பெண்கள். நூற்றெண்பது கருஞ்சிவப்புப் பாவாடைகள், நூற்றெண்பது மூக்குகள். முதல் வரிசையில் பிரிமித்திவாவும் செனோபியாவும். எதிர்ப்பக்க நடைபாதையில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரொக்சானா குதித்துக்கொண்டிருந்தாள்.

லிம்பெர்ட் அவர்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். திரையைச் சாய்த்தான், நிமிர்த்தினான், தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தான்.

“ஒண்ணும் தெரியலியே.”

“என்ன தம்பி தெரியல?”

“பதிவு தெரியல. வெயில்ல ஒரே கறுப்பா இருக்கு.”

“அப்ப நிமிந்து எங்களப் பாருங்க.”

“அதிகாரம் இல்லம்மா!” என்றான் லிம்பெர்ட், அழுகிறவன் போல.

பின்னால் எண்பது பித்தளை வாத்தியங்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை. மொரெனாடா இசைக்கு ஒரு குணம். அது விரட்டாது, தள்ளும். தரையிலிருந்து முழங்கால் வழியாக ஏறியது. மூன்றாம் வரிசை ஆட ஆரம்பித்தது, அது இரண்டாம் வரிசையை நெருக்கியது. கையிலிருந்த கிலுகிலுப்பைகள் ஒரே சமயத்தில் கறகறவென்று சுழன்றன. செனோபியாவின் கால் தன்னால் எழுந்து, கயிற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க அத!”

தலைவர் டாக்டர் அரிஸ்தீதெஸ் பந்தலிலிருந்து இறங்கி ஓடிவந்தார். வெயிலுக்காக முகத்தில் அப்பியிருந்த வெள்ளைக் களிம்பு, வியர்வையில் கோடு கோடாக வழிந்து கழுத்துப்பட்டையில் சேர்ந்துகொண்டிருந்தது. வழிந்த இடமெல்லாம் அவருடைய சொந்தத் தோல் தெரிந்தது. நல்ல தோல்தான். செனோபியாவின் தோலுக்கும் அதற்கும் அடுப்பனல் ஒன்றுதான் வித்தியாசம்.

“எங்க இளஞ்சிவப்பு? எங்க மாவு?” என்று கத்தினார். “லிம்பெர்ட், பதிவக் காட்டி வெளிய அனுப்பு!”

“பதிவு தெரியல, டாக்டர்.”

“எப்படித் தெரியாம போகும்? கொடு இங்க!”

அவர் கணினியைப் பிடுங்கி இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்தார். வெயில் அதன்மேல் அடித்தது. கறுப்புக் கண்ணாடியில் பாவாடை தெரியவில்லை, ஆட்டம் தெரியவில்லை. அவர் சாய்த்தார், திருப்பினார், இன்னும் கிட்டக் கொண்டுபோனார். கிட்டப் போகப் போக அதில் களிம்பு வழிந்த ஒரு முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வாத்தியங்கள் நிற்கவில்லை. லிம்பெர்ட் கயிற்றைப் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

செனோபியா கயிற்றுக்கு மேலாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், அதுல இப்ப ஒருத்தர் தெரியறாரே, அவர் பதிவில இருக்கிற ஆளா, இல்ல எங்க ஆளா?”